புனேவுக்கு ஒரு முறம் கொண்டுபோன கதை

“முறுக்கெல்லாம் வேண்டாம்மா. ஒரு முறம் கொண்டு வா. நல்லா காஞ்ச மூங்கில் முறமா இருக்கணும். அப்புறம் நாலு கொட்டாங்குச்சி, பாட்டியோட பழைய பட்டுப் புடவை ஒண்ணு…”

பொங்கலுக்கு ஊருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்ட பெண்ணைப் பார்க்க நானே புனேவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவளானால் போனில் இப்படி ஒரு பட்டியல் சொல்கிறாள்! “ஏங் கண்ணு, அங்கே அரிசி புடைச்சா சோறாக்கறீங்க?” என்றேன்.

“சோத்துக்கு இல்லேம்மா, மழைக்கு” என்றாள். அதோடு போனையும் வைத்துவிட்டாள்.

என் பெண் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவள். புனேவில் உள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் படிக்கிறாள். மூன்று வருஷப் படிப்பில் இது இரண்டாவது வருஷம். எஃப்.டி.ஐ.ஐ. என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. நுழைவுத் தேர்வில் தேறி இடம் கிடைத்தது என்று அவள் வந்து சொன்ன அன்று எங்கள் கரூர் வீட்டில் நடந்த அமர்க்களத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. “சினிமா பார்க்கப் போகாதேன்னு சொல்லி வளத்த வீட்டுல சினிமா படிக்கப் போறாளாமா?” என்று என் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். “நடிகையாகப் போறாளா?” இல்லை, சத்தம் பிடிக்கிற படிப்பு என்றால் இன்னும் விசித்திரமாகப் பார்த்தார்கள். சத்தம் பிடிக்க மூன்று வருஷமா!

எனக்கும் சந்தேகம்தான். இவர் பிடிவாதமாக இருந்ததால் அனுப்பினோம்.

நான் புனே போனதற்குப் பெண்ணைப் பார்க்கிற ஆசை மட்டும் காரணமில்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு நல்ல வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, ஒரே பையன், சொந்த வீடு, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தரகர் மட்டும் ஒரு விஷயத்தை மெல்லச் சொன்னார். “அவங்க பொண்ணு போட்டோவைப் பார்த்துப் பிடிச்சுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. சினிமாப் படிப்புங்கறதைத்தான் கொஞ்சம் யோசிக்கறாங்க. பி.எஸ்ஸி. பிசிக்ஸ்னு மட்டும் வெளியில சொல்லிக்கலாம்னு அபிப்ராயப்படறாங்க. மிச்சத்தைப் பாதியில நிறுத்தினாலும் அவங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க.”

ஆட்சேபணை இல்லையாம்! என்னவோ பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்த மாதிரி. ஆனால் நானும் அப்போது தலையாட்டினேன் என்பதை ஒளிப்பானேன்? இருபத்து மூன்று வயதாகிறது, நல்ல இடம், கை நழுவிப் போய்விடுமோ என்ற பயம். பெண்ணிடம் நேரில் பேசிச் சம்மதிக்க வைப்பது, முடிந்தால் கையோடு அழைத்து வருவது என்றுதான் கிளம்பினேன்.

ஈரோட்டில் ரயில் ஏறினால் ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் என்று ஒரு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் பயணம். முறத்தை எங்கே வைப்பது என்பதுதான் பெரும் பாடாகிவிட்டது. மேல் பெர்த்தில் வைத்தால் சரிந்து விழுகிறது, சீட்டுக்கடியில் வைத்தால் யாராவது மிதித்துவிடுகிறார்கள். கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதிர் சீட்டு அம்மாள் ராய்ச்சூர் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, “அங்கே முறம் கிடைக்காதுங்களா?” என்று கேட்டே விட்டார்கள். கிடைக்குமாம். ஆனால் நம் ஊர் மூங்கில் முறம்தான் வேண்டுமாம் இவளுக்கு.

ஜனவரி மாதத்தில் போகிறவர்கள் ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள். பகலில் நம் ஊர் வெயில் மாதிரியே இருக்கிறது. ராத்திரியில் பற்கள் கிடுகிடுக்கின்றன.

லா காலேஜ் சாலையில் இருக்கிறது அந்த நிறுவனம். வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், காலேஜ் என்று தோன்றவில்லை. பெரிய மரங்கள், பழைய ஓட்டுக் கட்டடங்கள், அரிசி கிடங்கு மாதிரி உயர்ந்த கொட்டகைகள். பின்பக்கம் குன்றுகள் தெரிகின்றன. இந்த ஊரில் குன்றை ‘டேக்டி’ என்கிறார்கள். காலையில் பாதி ஊர் அதன்மேல் ஏறி நடக்கிறது.

அந்த உயர்ந்த கொட்டகைகள் பிரபாத் ஃபிலிம் கம்பெனியின் ஸ்டூடியோக்கள். 1929-ல் கோலாப்பூரில் வி.சாந்தாராமும் நண்பர்களும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி 1933-ல் இங்கே வந்தது. 1937-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்ற ‘சந்த் துக்காராம்’ இங்கேதான் எடுத்தார்கள். 1953-ல் கம்பெனி மூடப்பட்டது. 1960-ல் அரசாங்கம் இதே இடத்தில் திரைப்படப் பள்ளியைத் தொடங்கியது. டெலிவிஷன் பயிற்சியும் பின்னால் சேர்ந்தது. 2025-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தும் கிடைத்திருக்கிறது. பிரபாத் கம்பெனியின் முத்திரையில் ஒரு பெண் கொம்பு ஊதிக்கொண்டு நிற்பாள். “பார்த்தியா, அந்தக் காலத்திலேயே சவுண்டு டிபார்ட்மெண்ட்ல ஒரு பொம்பளை!” என்று என் பெண் சிரித்தாள்.

நடுவில் ஒரு மாமரம். அதற்கு ‘ஞான மரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வங்காள டைரக்டர் ரித்விக் கட்டக் 1960-களில் இங்கே ஆசிரியராகவும் துணை முதல்வராகவும் இருந்தபோது, பிள்ளைகளை இதன் அடியில் உட்கார வைத்துப் பேசுவாராம். மணி கவுல், குமார் சஹானி, நம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நான் போனபோது மரம் பூத்திருந்தது. அடியில் நாலைந்து பேர் டீ டம்ளரோடு, ஊர் சொத்தைப் பிரிக்கிற மாதிரி அவ்வளவு காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். ஒரு காட்சியில் கதவு சாத்துகிற சத்தம் முதலில் வரவேண்டுமா, கதவைக் காட்டிய பிறகு வரவேண்டுமா என்று!

ராத்திரி போனில் இவரிடம், “பாலு மகேந்திரா இங்கேதான் ஒளிப்பதிவு படிச்சாராங்க, 1969-ல முடிச்சாராம்” என்று சொன்னதும் இவருக்கு ஏக சந்தோஷம். ‘மூன்றாம் பிறை’யை எத்தனை தடவை பார்த்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. மட்டக்களப்பில் பிறந்து இங்கே வந்து படித்த மனிதர். கேரளத்து அடூர் கோபாலகிருஷ்ணன் இங்கே படித்தவர். 2009-ல் ஒலிக்காக ஆஸ்கார் வாங்கிய ரசூல் பூக்குட்டி, என் பெண் உட்காருகிற இதே ஒலிப் பிரிவில் படித்தவர். 2024-ல் கான் விழாவில் ‘கிராண்ட் பிரீ’ வாங்கிய பாயல் கபாடியாவும் இங்கே படித்த பெண்தான். இவ்வளவு பேரையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஊருக்குப் போனால் மாமியாருக்குச் சொல்ல வேண்டுமே!

மறுநாள் அவர்கள் குழுவுக்குப் படப்பிடிப்பு இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பழைய புனே பக்கத்தில் ‘வாடா’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. நம் செட்டிநாட்டு வீடுபோல நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண், மாடியில் பல குடும்பங்கள். அப்படி ஒரு வீட்டின் முற்றத்தில்தான் காட்சி. மகனுக்காக மழை ராத்திரியில் காத்திருக்கும் ஒரு கிழவி, தூக்கம் வராமல் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. நாடகத்தில் நடிக்கும் ஒரு வயதான மராட்டிய அம்மாள் கிழவியாக நடித்தார்கள்.

என் பெண்ணை நான் அன்றுதான் வேலையில் பார்த்தேன். தோளில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, காதில் பெரிய ஹெட்போன். அவள் கூட்டாளி ஒரு பையன் நீளக் கம்பு ஒன்றைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். அதன் நுனியில் பூனைக்குட்டி மாதிரி ரோம உறை போட்ட மைக். அடுத்த காட்சிக்குக் கம்பு இவள் கைக்கு வந்தது. மைக் நடிக்கிறவர் தலைக்கு அருகில் இருக்க வேண்டும், ஆனால் படத்தில் தெரியக் கூடாது, நிழலும் விழக் கூடாது. மூன்று நிமிஷம் நானும் பிடித்துப் பார்த்தேன். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. இவர்கள் நாள் முழுக்கப் பிடிக்கிறார்கள்.

‘கிளாப்’ அடிக்கிறார்களே, அது ஏதோ சம்பிரதாயம் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். காமிரா படத்தை மட்டும் எடுக்கிறது, ஒலிக் கருவி சத்தத்தைத் தனியாக எடுக்கிறது. பிறகு இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஒரு விநாடிக்கு 24 படம். கட்டைகள் இரண்டும் சேருகிற அந்த ஒரு படத்தில் ‘டக்’ சத்தத்தை வைத்துவிட்டால், அதற்கப்புறம் உதடும் பேச்சும் தானாகப் பொருந்திவிடும். ரவிக்கை வெட்டும்போது ஓரத்தில் ஒரு சின்னக் கத்தரிப்பு அடையாளம் வைத்துக்கொண்டு இரண்டு துண்டையும் பொருத்துவோமில்லையா, அதே கணக்குதான்.

அந்த வீட்டுக்கார அம்மாளின் ஃப்ரிட்ஜ் உர்ரென்று சத்தம் போட்டது. அனுமதி கேட்டு அணைத்தார்கள். அணைத்த கையோடு ஒரு பையன் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சாவி இல்லாம யாரும் வீட்டுக்குப் போக முடியாதே ஆன்ட்டி, எடுக்கப் போகும்போது ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வந்துடும்” என்று அவன் சொன்னதை என் பெண் தமிழில் சொன்னாள். பால், தயிர் கெட்டுப் போனால் அந்த அம்மாளுக்கு யார் பதில் சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் முதன்முதலாக மதிப்பு வந்தது அப்போதுதான்.

எல்லாம் முடிந்து மூட்டை கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் பெண் கையைத் தூக்கினாள். ஹிந்தியில் ஏதோ சொன்னாள். இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் நின்ற இடத்தில் சிலையாகிவிட்டார்கள். அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்களாம். ‘ரூம் டோன்’ என்று பெயர். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தனி மௌனம் உண்டாம். வசனத்துக்கு நடுவில் சத்தத்தை வெட்டி ஒட்டும்போது அங்கே வெறுமையாக விட்டால், பார்க்கிறவர்களுக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிடுமாம். அதனால் அந்த அறையின் மௌனத்தையே எடுத்து அங்கே நிரப்புகிறார்கள்.

ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் தெரியுமா, சகோதரிகளே! என்றைக்காவது வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா நின்றிருக்கிறோமா? எங்கோ மாடியில் தண்ணீர் சொட்டியது. புறாவின் சிறகு, தூரத்தில் கோவில் மணி, என் மூச்சு. நடுவில் என் பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் எப்போதும் பார்த்ததில்லை. சின்னதில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தேனே, அப்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த மாப்பிள்ளைப் பையனின் ஜாதகம் என் ஞாபகத்துக்கு வந்தது. சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது.

சங்கராந்தி சமயமாயிற்றே, அந்த வீட்டு அம்மாள் எங்களைச் சும்மா விடவில்லை. சங்கராந்தியிலிருந்து ரதசப்தமி வரை மராட்டியச் சுமங்கலிகள் ஒருவரையொருவர் அழைத்து ‘ஹல்தி குங்கு’ கொடுப்பார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளும் வெல்லமும் சேர்த்த உருண்டை கையில் தந்து, இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்கிறார்கள். நம் எள்ளுருண்டைதான், கொஞ்சம் வேர்க்கடலையும் போடுகிறார்கள். குளிர்காலத்தில் எள் உடம்புக்குச் சூடு தரும் என்பது அங்கேயும் வழக்கு.

இரண்டு நாள் கழித்துத்தான் என் முறத்துக்கு வேலை வந்தது. அரிசியை முறத்தில் சாய்த்து மெல்ல மெல்லச் சரித்தால் மைக்கில் அச்சாக ஓட்டு மழை! வேகமாகச் சரித்தால் பெருமழை. கொட்டாங்குச்சியைத் தட்டினால் குதிரை நடை என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கே தெரியும். பட்டுப் புடவையைக் காதருகே கசக்கினால், யாரோ பின்னால் நடந்து வருகிற மாதிரி எனக்கே திடுக்கிட்டது. இந்தக் கலைக்கு ‘ஃபோலி’ என்று பெயர். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்த புதிதில், ஹாலிவுட்டில் ஜாக் ஃபோலி என்பவர் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தும் தட்டியும் சத்தம் சேர்த்தார். அவர் பெயரே நிலைத்துவிட்டது.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. வாடாவில் கிழவி அரிசி புடைக்கிற காட்சியில், தெருவில் போன மோட்டார் சைக்கிள் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அதை மறுபடி இங்கே செய்து சேர்க்க வேண்டும். நாலு பிள்ளைகள் முறத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அரிசி தரையெங்கும் சிதறியதுதான் மிச்சம். என் பெண்ணுக்கும் தெரியவில்லை (என் தப்புதான், படிக்கிற பெண் என்று வேலை சொல்லாமல் வளர்த்துவிட்டேன்). “நான் செய்யட்டுமா?” என்று கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரையில் கிழவி புடைக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டே நான் புடைக்க வேண்டும். முதல் தடவை கை முந்திவிட்டது. இரண்டாவது தடவை இருமிவிட்டேன். மூன்றாவது தடவை என் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அம்மா, வளையல் சத்தம் வருது. கழட்டிடேன்” என்றாள்.

தங்க வளையலைக் கழற்றி வைத்தேன். கண்ணாடி வளையலைக் கழற்ற மனம் வரவில்லை. இவள் அப்பா ஊரில் நல்லபடி இருக்கும்போது நான் மூளிக்கையாக நிற்பதா? படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம், கை திரும்பவில்லை. என் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். திரையில் கிழவியின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, “இல்லேம்மா, போட்டுக்கோ. அந்தக் கிழவி கையிலயும் வளையல் இருக்கு. வளையல் சத்தம் இல்லாம இருந்தாத்தான் பொய்” என்றாள்.

ஒன்பதாவது தடவை சரியாக வந்தது. பிறகு அதைப் போட்டுக் காட்டினார்கள். ‘சர்ர்… சர்ர்…’ நடுவில் மெல்ல வளையல் கிணுங்குகிறது. இருபத்தைந்து வருஷமாக நான் போடுகிற சத்தத்தை அன்றுதான் நான் கேட்டேன்.

அன்றிரவு அவள் அறையில் எண்ணெயைக் காய்ச்சி அவள் தோளுக்குத் தேய்த்துவிட்டேன். கம்பு பிடித்துப் பிடித்து இரண்டு தோளும் கட்டை மாதிரி இறுகியிருந்தன. காலையில் சாப்பிடாமல் ஓடுவது, ராத்திரி எடிட்டிங் என்று கண் விழிப்பது, தண்ணீரே குடிக்காமல் டீயாகக் குடிப்பது என்று கண்டிக்க வேண்டியதையெல்லாம் கண்டித்தேன். வேர்க்கடலை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை பையில் வைத்துக்கொள், வேலைக்கு நடுவில் வாயில் போட்டுக்கொள் என்று சொன்னேன். ஆனால் காதை மட்டும் அவள் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறாள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணிக்கு மேல் இருக்கக் கூடாதாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், 88-க்கு நாலு மணி நேரம்தான். போன லீவில் எங்கள் வீட்டு மிக்சியை அளந்து பார்த்தாள், 88 காட்டியது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மிக்சி போடுகிற இளம் தாய்மார்கள் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டுப் போடுங்கள்.

“அம்மா, ஒரு படம் பார்க்கலாமா? இதே இடத்துல எடுத்தது” என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள். சாந்தாராம் எடுத்த ‘குங்கு’. 1937-ல் வந்தது. அதையே ஹிந்தியில் ‘துனியா ந மானே’ என்றும் எடுத்தார்கள். நாங்கள் பார்த்தது ஹிந்திப் படம். எனக்குச் சின்ன வயதில் படித்த ஹிந்தி பாதி கை கொடுத்தது, மீதியை அவள் சொன்னாள்.

தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணை மாமன் வீட்டில் ஏமாற்றி ஒரு கிழட்டு வக்கீலுக்குக் கட்டிவைத்து விடுகிறார்கள். அவள் அழுது கரையவில்லை. இதை நான் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அதே வீட்டில் நிமிர்ந்து நிற்கிறாள். சாந்தா ஆப்தே நடித்திருக்கிறார், என்ன கம்பீரம்! அவளுக்குத் துணையாக நிற்கிற, வக்கீலின் வளர்ந்த மகளாக சகுந்தலா பராஞ்பே. அந்த அம்மாள் நிஜ வாழ்க்கையில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பல வருஷம் உழைத்தவர், ராஜ்ய சபா அங்கத்தினராகவும் இருந்தவர்.

“நல்லா கேளும்மா. பாட்டைத் தவிரப் பின்னணி இசையே கிடையாது” என்றாள். உண்மைதான். சோக வயலின் ஒன்றுகூட இல்லை. கடிகாரம், பாத்திரம், கதவு, காலடி, வீட்டுக்குள் என்ன சத்தமோ அதுதான். அந்தச் சத்தங்களே அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகின்றன. கிழவருக்கும் கடைசியில் கண் திறக்கிறது, ஆனால் அவர் எடுக்கிற முடிவு எனக்குச் சம்மதமில்லை. அவரை உயிரோடு விட்டிருக்கலாம்.

படம் முடிந்ததும் ஜாதகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பை மறைக்க வேண்டும் என்கிறார்கள் என்பதையும் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை.

“பையன் நல்லவராகத்தான் இருப்பாரும்மா. நான் கல்யாணமே வேண்டாம்னு சொல்லலை. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, டிப்ளமோ படம் இருக்கு. அதை விடு. நாளைக்கு அவங்க வீட்டுல யாராவது என்ன படிச்சேன்னு கேட்டா, ஒவ்வொரு தடவையும் நான் பொய் சொல்லணுமா? நீ சொல்லு, சொல்லிடறேன்.”

நான் என்ன சொல்வது? விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். வெகு நேரம் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. அவள் மூச்சை வைத்தே எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டால் விவரம் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஒலிப் பிரிவுக்கு மட்டும் பிளஸ் டூவில் பௌதிகம் வேண்டும். இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், கலை இயக்கம் என்று மற்றப் பிரிவுகளும் உண்டு. ஒரு பிரிவுக்குப் பத்துப் பன்னிரண்டு இடம்தான், அதனால் நுழைவுத் தேர்வு கடினம். கல்கத்தாவில் 1995-ல் தொடங்கிய சத்யஜித் ராய் பெயரிலுள்ள நிறுவனத்திலும் இதே போல் படிக்கலாம். அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாதவர்களுக்குச் சென்னை தரமணியிலேயே எம்.ஜி.ஆர். பெயரில் தமிழ்நாடு அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பிளஸ் டூ முடித்ததும் நாலு வருஷப் பட்டப்படிப்பு. பெண்கள் இதில் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்கு, 1985-ல் ‘சின்ன வீடு’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பி.ஆர்.விஜயலட்சுமியின் பெயரைச் சொல்லுங்கள். 2002-ல் ரேவதி இயக்கிய ‘மித்ர்’ படத்துக்கு ஒளிப்பதிவு ஃபௌசியா பாத்திமா, எடிட்டிங் பீனா பால், எல்லாம் பெண்கள்தான். வேலை நிச்சயமா என்று கேட்டால், நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது. சினிமா, டி.வி., விளம்பரம், இப்போது செல்போனிலேயே பார்க்கிற தொடர்கள் என்று வேலை பல இடத்தில் இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ரயிலில் மடி காலியாக இருந்தது. முறத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். இவர் பக்கத்தில் நின்றார், நானே பேசினேன். “பொண்ணு புனேவில சினிமாவுக்கு சவுண்டு படிக்கிறாங்க. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்குதுங்க. பத்திரிகையிலயும் அப்படித்தான் போடுவோம். அவங்களுக்குச் சம்மதம்னா மேலே பேசலாங்க” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஃபேன் ஓடுகிற ஒலியும், எங்கோ ஒரு குழந்தை அழுவதும் மட்டும் கேட்டன. “கேட்டுச் சொல்றேங்க” என்று வைத்துவிட்டார்.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை. என் மாமியார் மட்டும் தினமும், “என் முறம் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “டிப்ளமோ படம் முடியட்டும் அத்தை” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.